அம்மா சொன்ன ‘இதோ’

மார்ச் 4, திங்கள்

அம்மாவின் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். வாடகை நாற்காலிகளையும் எடுத்துப் போயாயிற்று. இனி இந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்.

சாயங்காலம் முன்னறையிலிருந்து அப்பா “ஏய்” என்று கூப்பிட்டார். ஆயுசு முழுக்க அம்மாவை அப்படித்தான் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும், சத்தம் நின்றுவிட்டது. அதற்குள் நான் சமையலறையிலிருந்து “இதோ” என்று சொல்லிவிட்டேன். அம்மா சொல்கிற அதே இழுப்போடு. எனக்கே பகீரென்றது.

மார்ச் 5, செவ்வாய்

வெந்நீர். டீ. மாத்திரை. மறுபடி வெந்நீர்.

மார்ச் 7, வியாழன்

அண்ணன் போன் செய்தான். அம்மா படத்துக்குச் சட்டம் போடப் போகிறார்களாம், அடியில் எழுத நாலு வரி வேண்டுமாம். அவனே ஒன்று தயாராக வைத்திருந்தான்: ‘தியாகச் சுடர், இல்லத்தின் விளக்கு.’ சுடராம், விளக்காம். அவள் எரிந்துகொண்டே இருந்தாள் என்பதை எவ்வளவு அழகாகச் சொல்கிறான்!

அப்புறம் பேச்சோடு பேச்சாக, “நீ அங்க இருக்கியே, எனக்கு அதான் நிம்மதி. அப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்கத் தெரியாது. நீயும் தனியாளு. இத்தனை வருஷம் உழைச்சது போதும், வீட்டுல சும்மா இரேன்” என்றான்.

சும்மா. அம்மா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்போம். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன்.

மார்ச் 10, ஞாயிறு

மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி கூப்பிட்டார். அந்தக் கடையின் பின்னறையில்தான் தலை நரைக்கும்வரை லென்ஸ் தேய்த்திருக்கிறேன். மாதக் கடைசிவரை என் இடத்தில் யாரையும் வைக்க மாட்டாராம். அதற்கு மேல் முடியாதாம். பாவம், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “வந்துடுவீங்கல்ல?” என்று கேட்டார்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். முன்னறையில் “ஏய்.” போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 13, புதன்

நாலு வரி வரமாட்டேன் என்கிறது. இந்த வீட்டுக்கு வந்தாள். படுக்கையில் கிடந்த மாமனாரைப் பார்த்துக்கொண்டாள். எங்களை வளர்த்தாள். அண்ணன் பிள்ளைகளையும் வளர்த்தாள். எண்பது வயதுவரை சமைத்தாள். எல்லாம் எங்களைப் பற்றித்தான் இருக்கிறது. அவளைப் பற்றி எங்கே?

அம்மாவுக்கு என்னடா பிடிக்கும் என்று அண்ணனைக் கேட்டேன். “நம்மளத்தான்” என்றான். அப்பாவைக் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு வெந்நீர் ஆச்சா என்றார்.

சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். வேறெதுவும் கிடையாது. இத்தனை வருஷமும் இதைத்தான் பார்த்துக்கிட்டு நின்னியாம்மா? எனக்கு ரெண்டு வாரத்துலயே மூச்சு முட்டுது. ஓடிடணும் போல இருக்கு. அப்பாவை யார்கிட்ட விட்டுட்டு ஓடுறது? நீ ஒரு நாளாவது இப்படி நினைச்சியா — இல்ல நான்தான் கல்நெஞ்சக்காரியா?

மார்ச் 16, சனி

மழை. துணி காயவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் வைக்க மாடிக்குப் போனேன். அங்கே குடியிருக்கும் தையல்கார அக்கா, மெஷினுக்குப் பக்கத்திலிருந்த துணிமூட்டையில் உட்காரச் சொன்னாள். அது அம்மாவின் இடமாம். மத்தியானப் பாத்திரம் கழுவியதும் அம்மா தினமும் மாடிக்கு வந்துவிடுவாளாம். சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி இருப்பாளாம்.

அம்மா காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அப்பா கூப்பிடுவாரே என்றேன். அக்கா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தாள். “கூப்பிடுவாரு. ‘இதோ’ன்னு இங்கருந்தே குரல் குடுப்பாங்க. அசைய மாட்டாங்க. என்னம்மா இதுன்னு ஒரு நாள் கேட்டேன். ‘இதோன்னா அவருக்கு நான் வந்த மாதிரி, எனக்கு வராத மாதிரி’ன்னாங்க.”

கீழே வந்து சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சிரிப்பும் வந்தது. திருட்டு அம்மா.

மார்ச் 18, திங்கள்

அப்பா கூப்பிட்டார். “இதோ” என்றேன். சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டார். “இதோ.” அப்புறம் செருப்புச் சத்தம். உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்தார். சர்க்கரை டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேடக்கூட இல்லை.

“உங்களுக்கு டீ போடத் தெரியுமாப்பா?”

“உங்கம்மா இதோன்னா அரைமணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டா இருப்பேன்?”

எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார். சர்க்கரை தூக்கல். குடித்தேன்.

மார்ச் 21, வியாழன்

கடைக்கு வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தையல்கார அக்கா பொறுப்பு. அண்ணன் குதித்தான். பெத்தவரை இப்படி விட்டுட்டுப் போவியா என்றான். நீ வாயேன், வீட்டில் சும்மா இரேன் என்றேன்.

படத்துக்குக் கீழே அம்மாவின் பெயரை மட்டும் போடச் சொன்னேன். வேறு ஒரு வரியும் வேண்டாம். அந்தப் பெயரைச் சொல்லி இந்த வீட்டில் அவளை யாருமே கூப்பிட்டதில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

கடையில் லென்ஸ் தேய்க்கிற சக்கரம் புதிது, சத்தம் குறைவு. என் ஸ்டூலை யாரும் மாற்றவில்லை.

மத்தியானம் அப்பா போன் செய்தார். சாப்பாடு வந்ததாம், உப்பு கம்மியாம். பிறகு, “எப்ப வர்ற?” என்றார்.

“இதோப்பா” என்றேன்.

“சரி சரி” என்றார். “அப்ப டீயை நானே போட்டுக்குறேன்.”