உலாக்கலத்தின் அடுப்பை மூட்டிய கை

நலம் பெருகுக. காற்று இணங்குக. கடல் பொறுத்தருள்க.

வெண்டிரை நாட்டுத் துறைகளுக்கெல்லாம் ஒரே காவலரும், பகைவர் அஞ்சும் வாளும் அக்கையார் அஞ்சாத செங்கோலும் உடையவரும், தம் ஐம்பதாம் பிறந்தநாளைச் சென்ற திங்கள்தான் தெருவெல்லாம் விளக்கேற்றிக் கொண்டாடியவருமாகிய வேந்தர் மாவெழினியார் திருமுன், அவர் முத்துத்துறை மாளிகையில் தம்மை ஏற்றிக்கொள்ளக் கலம் வரும் என்று காத்திருக்கும் இவ்வேளையில், சங்குத்துறையில் நிற்கும் உலாக்கலத்தின் மேல்தட்டிலிருந்து, வேந்தர் தாமே முத்திரை மோதிரம் அளித்துக் கலநாயகியாக அமர்த்திய ஆவிரை விடுக்கும் ஓலை.

வேந்தர் உடல் வாழ்க. வேந்தர் இரு காதும் வாழ்க. ஒரு காதில் அக்கையாரின் ஓலை முன்பே குடியேறிவிட்டதால், மற்றதை இவ்வோலைக்கு ஒதுக்கியருள்க.

இன்று குதிரைவீரன் கொணர்ந்த திருவோலையைக் கலநாயகி படித்தாள். தான் படித்ததை நம்பாமல் மீண்டும் படித்தாள். அளத்துக்காரி நொச்சியாளைக் கலத்திலிருந்து இறக்கிப் பின்படகில் ஏற்றுக. அவள் மூட்டிய அடுப்பை அவித்து எம் அக்கையார் கையால் புதிதாக மூட்டுக. நடந்தது யாது என்பதை, யார் எதைச் சொன்னாரோ அதைச் சொன்னபடியே மழுப்பாமல் எழுதுக என்பது கட்டளை. முதலிரண்டுக்கும் விடை இறுதியில் வரும். எழுதச் சொன்னதை மட்டும் இப்போதே நிறைவேற்றுகிறாள். சொன்னபடியே எழுதச் சொன்னவர் வேந்தர். ஆகையால் இனிவரும் பேச்சில் அரண்மனை மணம் குறைந்தால் அது எழுத்தாணியின் குற்றமன்று.

நொச்சியார் யார் என்பதை வேந்தர் அறிவார். அறிவார் என்றுதான் கலநாயகி நேற்றுவரை எண்ணியிருந்தாள். உப்பளத்தில் பிறந்த ஒருத்தி கடிகையில் கற்றுத் தேறியது இதுவே முதன்முறை என்று ஆவிரைக்கு மாலை சூட்டிய அன்று, உலாக்கலத்தில் அரச குடும்பத்தோடு உன் வீட்டாருக்கும் இடமுண்டு, அழைத்து வருக என்று அவை முழுதும் கேட்க வேந்தர் உரைத்தார். அவையும் கைதட்டியது. கைதட்டியவர்களில் ஒருவராவது அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாரில்லை. இருப்பது ஒரே ஆள். தாயும் தந்தையும் போனபின் உப்புப் பாத்தியில் கால் வெடிக்க நின்று அவளை வளர்த்த அத்தை, தந்தையின் தமக்கை நொச்சியார். வேந்தர் சொல்லை நம்பி அவர் வாழ்நாளில் முதன்முறையாக அளத்துக்கு விடுப்புச் சொன்னார்; பெட்டி கிடையாது என்பதால் ஓலைக்கூடையில் சேலை மடித்து வைத்துக்கொண்டு வந்தார். இறக்கச் சொல்லியிருப்பது அவரைத்தான். திருவோலை அவரை ‘அவள்’ என்கிறது. இவ்வோலை ‘அவர்’ என்றே எழுதும். அவை வழக்கு அதுவன்று என்பது தெரிந்தேதான் எழுதுகிறது.

தீவுகளைச் சுற்றும் உலா புறப்பட ஏற்பாடான விதத்தையும் வேந்தர் அறிய வேண்டும். உடன்வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் கலநாயகி முன்கூட்டியே ஓர் ஏடு அனுப்பினாள். கலம் கயிறு அவிழ்க்குமுன் போகிறவர்கள் எல்லாரும் அதில் ஏறி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஒன்றாக உண்ணும் துறைகூடல் என்னும் வழக்கு அதில் விளக்கப்பட்டிருந்தது. மரக்கலத்துக்குத் தீ எமன் என்பதால் மணலிட்ட ஒரே அடுப்புத்தான் உண்டு என்பதும், அதை மூட்டும் உரிமை ஏறுபவர்களில் வயதில் மூத்த பெண்ணுக்கு என்பதும், ஏணியடியில் வயதைக் கேட்பது அதற்காகவே என்பதும், அவர் உருட்டித் தரும் முதற்கவளத்தை உண்டவரே உடன்கலத்தார், உண்ணாதவர் கரையில் நிற்பவர் என்பதும் இருந்தன. ஏடு படிக்கவே ஆள் வைத்திருக்கும் வீடுகள் அவை. ஒரு வீட்டிலும் அதன் கட்டைக்கூட அவிழ்க்கவில்லை.

ஏட்டுக்கு மறுமொழியாக வந்தவை கோரிக்கைகள். பண்டாரத் தலைவரின் மனைவி பொன்னங்கொடியார், தாம் வளர்க்கும் மயிலுக்குத் தனி அறை கேட்டார். அதற்கு ஒப்பியபின் தோழியை அனுப்பினார். அவள் வந்து, “அலையில்லாத பக்கமாப் பாத்து ஓட்டச் சொல்றாங்க, அம்மாவுக்குக் கொமட்டுமாம்” என்றாள். கடலில் அலையில்லாத பக்கம் எது என்று மீகாமர் ஓரியனார் கேட்டதற்கு, “அதெல்லாம் எனக்கென்ன தெரியும், நீங்கதானே கலம் ஓட்டறீங்க” என்று சொல்லிப் போனாள். வேந்தரின் அக்கையார் செங்கழுநீர் நாச்சியாரோ கலத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. “யார் யார் வர்றாங்க? நம்ம ஆளுங்கதானே?” என்று மட்டும் கேட்டனுப்பினார். வேந்தர் அழைத்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள் என்று கலநாயகி விடையனுப்பினாள். அது உண்மை. அவ்வுண்மைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அக்கையார் எட்டிப் பார்க்கவில்லை.

துறைகூடல் நாள் வந்தது. பல்லக்குகள் வந்தன, பெட்டிகள் வந்தன, அவற்றுக்கும் பின்னால், யாரும் சொல்லாமலே, அக்கையார் அடுப்பு மூட்டுவதற்கென்று பொன்னகப்பையும் நாதசுரக்காரரும் வந்தனர். நாட்டில் எந்தச் சிறப்பு நடந்தாலும் தம் கைக்கே வரும் என்பது அவர் பழக்கம்.

ஏணியடியில் மீகாமர் ஒவ்வொருவராகப் பெயரும் வயதும் கேட்டார். பொன்னங்கொடியார் “முப்பத்தாறு” என்றார். பின்னால் நின்ற அவர் மூத்த மகனுக்கு முப்பது. அக்கையார் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தபடியே “நாப்பத்தஞ்சுன்னு போடு” என்றார். தம்பிக்கு ஐம்பது என்று ஊரே விளக்கேற்றிய எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் தெருச்சுவர்களில் காயவில்லை, அக்கைக்கு நாற்பத்தைந்து. மீகாமர் முகத்தில் ஒரு மயிரும் அசையவில்லை, போட்டுக்கொண்டார். வேந்தரின் தேவியார் வேண்மாதேவியார் மட்டும் நாற்பத்தொன்று என்று உள்ளதை உள்ளபடி சொல்லி ஏறினார். கடைசியாக வந்த நொச்சியார் விரல்விட்டு எண்ணி, “பெருவெள்ளம் வந்த வருசம் நடந்துக்கிட்டு இருந்தேனாம். அப்பன்னா அறுவத்தி மூணு வச்சுக்கிடுங்க” என்றார்.

பின்பு மேல்தட்டில் பாய் விரித்து உறவாடல் நடந்தது. எந்தத் தீவில் முத்து மலிவு, எந்தத் தீவில் வெயில் முகத்தைக் கறுக்காது என்று பேச்சு. ஓரத்தில் இருந்த நொச்சியாரைப் பார்த்து அக்கையார், “ஏம்மா, அந்த விசிறிய எடு” என்றார். நொச்சியார் எடுத்தார், தமக்கே வீசிக்கொண்டார். “காத்து நல்லாத்தான் வருது தாயி. ஒங்களுக்கும் வேணும்னா இன்னொண்ணு அங்க கெடக்கு” என்றார். விசிறி கேட்பவர் விசிறச் சொல்கிறார் என்பது அவருக்கு மெய்யாகவே எட்டவில்லை. ஆவிரைக்கு எட்டியது, சிரிப்பை அடக்கக் கடலைப் பார்த்துக்கொண்டாள். தேவியார் முந்தானையை வாயில் வைத்து இருமினார்.

அடுப்பு மூட்டும் வேளை வந்ததும் நாதசுரம் எழுந்தது, அக்கையாரும் எழுந்தார். மீகாமரோ மறுபக்கம் திரும்பி, “மூத்தவங்க நொச்சியம்மா. வாங்கம்மா, வெறகு காத்துக்கிட்டு இருக்கு” என்றார்.

நாதசுரம் பாதியில் நின்றது.

“நான் இங்க நிக்கறேன், கண்ணு தெரியலையா?” என்றார் அக்கையார்.

“தெரியுது நாச்சியாரே. ஏணியில நாப்பத்தஞ்சுன்னீங்க. அவங்க அறுபத்து மூணு.”

அக்கையார் வாயைத் திறந்தார். பொன்னங்கொடியாரும் மற்றப் பெண்டிரும் பார்க்கிறார்கள் என்று கண்டு மூடிக்கொண்டார். அதற்குள் நொச்சியார் அடுப்பருகே குந்தி ஊத, விறகு பற்றிக்கொண்டது. அரிசியும் பயறும் உப்பும் உலையேறின.

பயறு மலர்ந்து மணம் வரத் தொடங்கியபோது அக்கையார் பொறுமையிழந்தார். “நிறுத்துங்க! எனக்கு அறுபத்தேழு!” என்று தட்டு முழுதும் கேட்கச் சொன்னார். அரண்மனையில் எந்தக் கணியரும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாத எண் அது.

“தாயே, ஏணி ஏறும்போது நாப்பத்தஞ்சு. பயறு வேகறதுக்குள்ள அறுபத்தேழா?” என்றார் மீகாமர். “முத்துத்துறை போய்ச் சேரும்போது உங்களுக்கு என்ன ஆகுமோன்னு எனக்குக் கவலையா இருக்கு.”

“அப்படிப் பாத்தா எனக்கும்...” என்று தொடங்கிய பொன்னங்கொடியார், மகன் தம்மையே பார்ப்பதைக் கண்டு மயிலைக் கூப்பிடத் தொடங்கினார்.

இதன்பின் நடந்ததை வேந்தர் ஊன்றிப் படிக்க வேண்டும். ஏனெனில் அக்கையார் ஓலையில் இது விடுபட்டிருக்கும். தம் உரிமையை அளத்துக்காரி பறித்தாள் என்பதுதானே அவர் வழக்கு? நொச்சியார் அகப்பையைக் கழுவி, காம்பை அக்கையார் பக்கம் நீட்டினார். “எனக்கு மூத்தவுகன்னா நீங்களே போடுங்க தாயி. அகப்பை என்ன எங்க அப்பன் வீட்டுச் சீதனமா?” என்றார். மூட்டிய கை விரும்பித் தந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று மீகாமரும் ஒப்பினார். உரிமை அப்போது அக்கையாரின் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தது.

அக்கையார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “நீ மூட்டின தீ, நீ தொட்ட சோறு. அதுல நான் கைய வெக்கணுமா?”

நொச்சியார் நீட்டிய அகப்பையைத் திரும்ப உலைக்குள் வைத்தார். பிறகு, “எங் கை பட்ட உப்புத்தான் தாயி ஒங்க அடுக்களைச் சாடியில கெடக்கு. அது நாக்குல படும்போது இந்தக் கை தெரியலையா?” என்றார்.

அக்கையார் ஆவிரையைப் பார்த்துச் சொன்னார்: “இதுங்களப் படிக்க வெச்சா இப்படித்தான். அடுப்பு வரைக்கும் வந்துடுச்சுங்க.”

“நான் அனுப்பின ஏட்டை நீங்களும் படிச்சிருக்கலாம் நாச்சியாரே” என்று ஆவிரை சொன்னாள். இவள் சொன்னதையும் சொன்னபடியே எழுதியாயிற்று. அதில் ஓர் எழுத்தையும் இவள் திரும்பப் பெறவில்லை.

அக்கையார் இறங்கினார். அவர் இறங்கியதும் மற்றவர்களுக்கும் உடனே நோய் கண்டது. ஒருவருக்கு வயிற்று வலி. ஒருவருக்கு வீட்டு நினைவு. பொன்னங்கொடியார், “கலம் ரொம்ப ஆடுது, தலை சுத்துது” என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு போனார். அப்போது வற்றுநீர், கலம் சேற்றில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவசரத்தில் மயிலை மறந்துவிட்டார். அது முதற்சோற்றைத் தின்றுவிட்டது. ஆகவே வழக்குப்படி அதுவும் உடன்கலத்தார்.

எஞ்சியிருந்தவர்களில் தேவியார் பாயில் இருந்தபடியே இருந்தார். கவளத்தை உருட்டிய நொச்சியார் அவர் முன்வந்து, முதன்முறையாகக் கை தயங்க, “தாயி, ஒங்களுக்கு?” என்றார். தேவியார் கையை நீட்டினார். மென்று விழுங்கி, “உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே” என்றார். “அளத்துக்காரி கை தாயி, அப்படித்தான் விழும்” என்றார் நொச்சியார். தேவியார் சிரித்து, இன்னொரு கவளம் கேட்டு வாங்கி உண்டார். கைதட்ட அங்கே அவை இல்லை. ஆயினும் வேந்தரின் சொல்லை அன்று காத்தவர் அவர் ஒருவரே.

இனி இன்று நடந்தது. கயிறு அவிழ்க்கும் தறுவாயில் திருவோலை வந்தது. ஆவிரை அதை அடுப்படியில் நின்று படித்தாள். முகத்தைக் கண்டே நொச்சியார் என்னவென்று கேட்டு, கேட்டபின், “பின்படகுன்னா கயித்துல கட்டி இழுத்துட்டு வருவாகளாட்டி?” என்றார். பிறகு, “சரி, போறேன். கூடைய எடு. நீ இம்புட்டுப் படிச்சுட்டு என்னால ஒனக்குப் பேரு கெட்டுறக் கூடாது” என்று எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தேவியாரைப் பார்க்காமல், ஏணிப் பக்கம் நடந்தார். ஆவிரை அந்தக் கூடையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். கொண்டுபோய் அடுப்பின் அருகில் வைத்தாள். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே விடை கேட்டருள்க.

நொச்சியார் இறக்கப்படவில்லை. அவரைப் பின்படகில் ஏற்றினால் முன்கலத்தில் கலநாயகி இருக்கமாட்டாள். தாமும் இருக்கமாட்டார் என்று தேவியார் இவ்வோலையில் சேர்க்கச் சொன்னார்.

அடுப்பு அவிக்கப்படவில்லை. முதல் தீயைக் கையால் அவித்த கலத்தில் மாலுமி ஒருவனும் துடுப்பைத் தொடமாட்டான். “அவிக்கச் சொல்றவங்க வந்து வலிக்கட்டும்” என்பது மீகாமரின் சொல். வேந்தர் தாமும் முடிசூடிய நாளில் உப்பைக் கையில் ஏந்தித் துறை வழக்கைக் காப்பேன் என்று சூளுரைத்தவர். அந்த உப்பு யார் கால் வெடித்து விளைந்தது என்று இவ்வோலை கேட்கவில்லை.

இவ்வோலை விரைபடகில் முன்செல்ல, கலம் பின்வரும். வேந்தர் ஏறுதற்குரிய ஆணை இது: முத்துத்துறையில் ஏணி இறக்கப்படும், ஏணியடியில் மீகாமர் பெயரும் வயதும் கேட்பார், உள்ளபடி சொல்க. ஏணித்தலையில் நொச்சியார் கவளத்தோடு நிற்பார். உண்டால் ஏறுக, உண்ணாவிடில் கரையில் நின்று தேவியாருக்குக் கையசைத்தருள்க. கலம் நெடுநேரம் நிற்காது.

கலநாயகிப் பதவியைப் பறிப்பது வேந்தரின் உரிமை. அதை ஆவிரை மறுக்கவில்லை. ஆனால் முத்திரை மோதிரம் அவள் விரலில் இருக்கிறது. அவளோ கலத்தில் இருக்கிறாள். திருப்பி வாங்க ஏறித்தான் ஆக வேண்டும். ஏற, உண்டுதான் ஆக வேண்டும்.

இப்படிக்கு, வேந்தரின் மோதிரத்தால், அளத்து நொச்சியாரின் மருமகள் கையால், அடுப்புக் கங்கில் இளகிய அரக்கின்மேல் பதித்த முத்திரை. இவ்வண்ணமே நடக்க.