பூட்டிய வீட்டில் பார்த்த படங்கள்

மேலகரம்
ஆடி 4

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க இலஞ்சிக் குமாரரைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்றுதான் அடுத்த வரி எழுத வேண்டும், கை அப்படியே பழகிவிட்டது, ஆனால் இந்தத் தடவை அதை எழுதாமல் விடுகிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். பெர்த்தில் இப்போது குளிர்காலம் என்று சொன்னாய், பேத்திக்குக் காதை மூடித் தொப்பி போடாமல் பள்ளிக்கூடம் அனுப்பாதே. இங்கே சாரல் கட்டிப் பத்து நாள் ஆகிறது, மெயின் ரோட்டில் குற்றாலத்துக்குப் போகிற வண்டிச் சத்தம் விடிந்ததிலிருந்து ஓயவில்லை. போனில் பேசாமல் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்கிறார். எதிர்வீட்டு வள்ளித்தாய் போனில் பேசலாம் என்றால் உன் குரல் கேட்டதும் எனக்கு அழுகைதான் வரும், சொல்ல வந்தது நின்றுபோகும். அப்பா டிவியில் ஒரு போலீஸ் படம் பார்க்கிறார், அது முடிய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் எழுதிவிடலாம் என்று அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ டிவி வாங்கிக் கொடுத்து எல்லாப் படமும் வருகிற மாதிரி செய்துவிட்டுப் போனதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்ன படம் பார்த்தாய், எப்படி இருந்தது என்று கேட்கிறாய், நானும் நல்லா இருந்துச்சு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறேன். விவரமாகவே எழுதுகிறேன். பெரிய ஹீரோ நடித்த புதுப்படம் ஒன்று பார்த்தேன், முதல் பத்து நிமிஷத்திலேயே நாற்பது பேர் அடிபட்டு விழுகிறார்கள், ஒருத்தன் வீட்டிலாவது ஒரு பொம்பளை வந்து எட்டிப் பார்க்க வேண்டாமா, அத்தனை பேருக்கும் அம்மாவே கிடையாதா என்று இருந்தது. அந்தச் சத்தத்துக்கு அப்பா காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார், பாதியில் நிறுத்திவிட்டேன். பேய்ப்படம் ஒன்று, பங்களாவில் வாசல்கதவு அகலத் திறந்து கிடக்கிறது, பேய்க்குப் பயந்த குடும்பம் மொத்தமும் மாடிக்கு ஓடுகிறது. எனக்குப் பயமே வரவில்லை, கோபம்தான் வந்தது, வெளியே போகிற வழி தெரிந்தும் ஏன் போகவில்லை என்று. அப்புறம் நானே என்னைக் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். நாலு பேர் லிப்டில் மாட்டிக்கொள்கிற படம் ஒன்றை வள்ளித்தாய் வெறும் அறுவை என்றாள், நான் இரண்டு தடவை பார்த்தேன். மாட்டிக்கொண்ட மூன்றாவது மணி நேரத்தில்தான் அவர்கள் ஒருவர் பேரை ஒருவர் கேட்கிறார்கள், அது ரொம்பச் சரியாக இருந்தது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஒரு மலையாளப் படம். செங்கோட்டைப் பெரியம்மை வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி புரியும். ஐம்பது வயதுக்கு மேலே ஒருத்தி கார் ஓட்டப் படிக்கிறாள், கடைசியில் தனியாகச் சந்தைக்கு ஓட்டிப்போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள், கதை அவ்வளவுதான். அதை நாலு நாளில் ஏழு துண்டாகப் பார்த்தேன், துண்டு துண்டாகப் பார்த்தும் அழுதேன். இன்னொரு பழைய படத்தில் குற்றாலம் மெயின் அருவியில் ஒரு பாட்டு வந்தது. அப்பா எழுந்து டிவி கிட்டே போய், அருவிக்குக் குறுக்கே இருக்கிற வளைவைத் தொட்டுக் காட்டி, போலீசில் இருந்தபோது அங்கனதான் சீசன் டூட்டியில் நின்றதையும், தண்ணீர் வளைவைத் தாண்டினால் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவதையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டதை அவரால் சொல்ல முடியவில்லை.

செல்வி, இதைத்தான் உன்னிடம் இரண்டு வருஷமாக மறைத்துவிட்டேன். அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டே இருக்கிறது. திருநெல்வேலியில் பெரிய டாக்டரிடம் காட்டி தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயிற்று, இது வயதுக்கு வருகிற சாதாரண மறதி இல்லை, மாத்திரை கொஞ்சம் தாமதப்படுத்தும், திரும்பி வராது என்று சொல்லிவிட்டார். அன்று பஸ்சில் வரும்போது அப்பாவுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது, என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "செல்விட்ட சொல்லிராத. அவளுக்கு நான் ஏட்டையாவாவே இருந்துட்டுப் போறேன்" என்றார். முப்பத்திரண்டு வருஷம் போலீசில் இருந்து ஏட்டாக ரிட்டையர் ஆனவர், ஒருத்தரிடமும் இறங்கி எதையும் கேட்காத மனுஷன், அவர் அப்படிக் கேட்டபோது நான் என்ன செய்ய. நீ வீடியோவில் போன் செய்கிற நேரத்துக்கு முன்னாலேயே சட்டை மாட்டி, தலை சீவி, என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து உட்கார்த்துவேன். அப்பா முகத்தில் நல்ல தெளிச்சி என்று நீ சொல்வாய்.

அந்தப் போலீஸ் படத்தை அவர் தினமும் பார்க்கிறார். அவருக்குத் தினமும் அது புதுப்படம். எனக்கு எந்த வசனத்துக்கு அடுத்து எந்த வசனம் என்று தூக்கத்திலும் தெரியும். நான் வேறு படம் போட்டால் பத்து நிமிஷம் இருப்பார், பிறகு ரிமோட்டைப் பிடுங்குவார். நான் கொல்லைக்குப் போனால் பின்னாலேயே வருகிறார், குளிக்கப் போனால் கதவைத் தட்டிக்கொண்டே நிற்கிறார். போன வருஷமும் இந்த வருஷமும் நான் அருவிக்குப் போகவில்லை, தென்காசிக் கோயிலுக்குப் போகவில்லை, தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போகாததற்கு உன்னிடம் மூட்டுவலி என்று பொய் சொன்னேன். புகாராக எழுதவில்லை, உள்ளது இதுதான்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், பதறாமல் படி, இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தப் படத்தில் ஒரு ஏட்டு டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பிடித்து வைத்திருந்த அக்யூஸ்ட் தப்பித்துவிடுவான், ஏட்டை சஸ்பெண்ட் செய்துவிடுவார்கள். எத்தனையோ தடவை பார்த்த கட்டம்தான், அன்றைக்கு என்னவோ அது அவருக்குள்ளே போய்விட்டது. காலையில் சுகர் மாத்திரை கொடுத்துவிட்டு நான் இட்லி எடுக்க உள்ளே போன நேரம், வாசல் கிரில்லுக்கும் கொல்லைக் கதவுக்கும் பூட்டைப் போட்டு இரண்டு சாவியையும் மடியில் செருகிக்கொண்டார். நாற்காலியை வாசலுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னைத் தரையில் உட்காரச் சொன்னார். நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். சிரிக்காதட்டி என்று ஒரு அதட்டு, ஸ்டேஷனில் போடுகிற அதட்டு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாளும் அப்படி அதட்டியதில்லை. இட்லித் தட்டை நீட்டினால் அக்யூஸ்ட் கையால் வாங்கித் தின்னக் கூடாது என்று தள்ளிவிட்டார். மாத்திரை உள்ளே போயிருக்கிறது, வயிறு காலி, சர்க்கரை இறங்கினால் ஆபத்து. பத்தரை மணிக்கு அவர் நெற்றியில் வேர்வை பூத்தது, சாரல் அடித்துக் குளிர்கிற நாளில் வேர்வை. வள்ளித்தாய் கீரை கொடுக்க வந்தவள் கிரில்லுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு அழுகிற மாதிரி ஆகிவிட்டாள், பூட்டை அறுக்க வெல்டிங் பட்டறை மாரிச்செல்வத்தைக் கூட்டிவர ஓடினாள், அவன் பாவூர்சத்திரத்துக்கு வேலைக்குப் போயிருந்தான். நான் வீட்டுக்குள்ளே, அவர் மடியில் சாவி, அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, கண் சொருகுகிறது. அழுதோ கெஞ்சியோ பார்த்தால் நடக்காது, அவர் எங்கே இருக்கிறாரோ நானும் அங்கே போனால்தான் நடக்கும் என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. காப்பியில் நாலு கரண்டி சீனி போட்டு எடுத்துக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே கையைக் கட்டி நின்றேன்.

"ஏட்டையா, இதைக் குடியுங்க. குடிச்சியன்னா நான் உள்ளதைச் சொல்லுதேன்" என்றேன்.

முதலில் என்னை ஒரு வாய் குடிக்கச் சொன்னார், குடித்தேன். பிறகு வாங்கி மூன்று மடக்கில் குடித்தார், இட்லியும் இரண்டு தின்றார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது, ஆனால் அவர் விசாரணையை விடவில்லை. பேர் கேட்டார், தங்கத்தாய் என்றேன். ஊர் கேட்டார். புருஷன் பேர் கேட்டார். உனக்குத் தெரியும், நான் ரேஷன் கடையில்கூட அந்தப் பேரை வாயால் சொல்லாமல் கார்டைத்தான் காட்டுவேன். அன்றைக்கு அவர் முகத்துக்கு நேரே சுடலைமுத்து என்று சொன்னேன்.

"ஆளு எப்படி?"

"நல்ல மனுசன்தான். இப்பம் வீட்டுல இல்ல."

"எங்க போயிருக்கான்?"

"தெரியல ஏட்டையா. கொஞ்சங் கொஞ்சமாப் போயிட்டாவ."

பாவம், ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டானா என்று மெதுவாகச் சொன்னார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார், ஒரே மகள், வெளிநாட்டில் இருக்கிறாள் என்றேன். அவளுக்குத் தகவல் சொல்லியாச்சா என்றார். சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று வீட்டுக்காரர் சத்தியம் வாங்கியிருக்கிறார் என்றேன். அப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"எவன் அப்படி வாங்குனான்? ஒரு ஆளைப் புடிச்சு உள்ள வச்சா வீட்டுக்குத் தகவல் சொல்லணும், அதான் சட்டம். இன்னைக்கே எழுதிப் போடு" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்து, வீட்டுக்குப் போ என்றார்.

நான் கிரில்லைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன் செல்வி. செருப்புப் போடவில்லை. தெரு முனை வரைக்கும் போய்விட்டேன், தூறல் முகத்தில் விழுந்தது, குற்றாலம் பஸ் ஒன்று வந்து நின்றது, ஏறுதியளா என்று கண்டக்டர் கேட்டார். எனக்கு ஏற வேண்டும் போலத்தான் இருந்தது, உன்னிடம் அதை மறைக்கவில்லை. இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் வள்ளித்தாய் வந்து அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பா என்னைப் பார்த்து, எங்கட்டி போன, மழையில நனைஞ்சுட்டு வாரியே என்று துண்டை எடுத்து நீட்டினார். எதுவும் அவருக்கு நினைவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு பூட்டையும் வள்ளித்தாய் வீட்டில் கொடுத்துவிட்டேன், இப்போது வெறும் தாழ்ப்பாள்தான்.

அப்பாவுக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதாக எனக்குத் தோன்றவில்லை. வாங்கினவரே எழுதிப் போடு என்று சொல்லிவிட்டார், இனி நான் யாருக்குப் பயப்பட வேண்டும். பகலில் கூட இருக்க ஒரு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் முன்பே சொன்னார், வெளியே தெரிந்தால் அப்பாவுக்குக் கேவலம் என்று நான்தான் வேண்டாம் என்றேன், இப்போது வள்ளித்தாயிடம் ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். நீ வர வேண்டும். எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டாம், அவருக்கு இந்த வீட்டிலேயே வழி தவறுகிறது. ஒரு மாதம் வந்து இரு, பேத்தியையும் கூட்டி வா. உன்னைப் பார்த்ததும் யார் நீ என்று கேட்டாலும் கேட்பார், அப்படிக் கேட்டால் அழாமல் பேரைச் சொல், பிறகு அவரே பேசுவார். என்னால் இனியும் தனியாக முடியவில்லை. இதை எழுதுவதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

உன் மேல் நீயே குற்றம் சுமத்திக்கொள்ளாதே, மாப்பிள்ளையிடம் நிதானமாக எடுத்துச் சொல். உங்கள் மூன்று பேருக்கும் நோய்நொடி அண்டாமல், நினைத்தது நடக்க அம்மாவின் ஆசீர்வாதம் என்றும் உண்டு. வள்ளித்தாய் இதைத் தென்காசியில் ஸ்பீடு போஸ்டில் போடுவாள். பதிலைக் கடிதமாக அனுப்பாதே, அப்பா பிரித்துப் படித்து வருத்தப்படுவார், வள்ளித்தாய் நம்பருக்கு அனுப்பு. வருகிறாய் என்றால் தேதியை மட்டும் எழுது போதும். வர முடியாது என்றால் அதையும் உள்ளபடியே எழுதிவிடு, இந்த இரண்டு வருஷம் நான் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. தங்கத்தாய்