பானகத்துக்குள் ஒரு மீட்டர்

ஏப்ரல் 16

காலையில் முனிரத்தினம் வந்தான். ஒரகடத்தில் நிக்கல் பூச்சு லைனில் என்னோடு வேலை பார்த்தவன். இன்னும் அங்கேதான் இருக்கிறான். பையிலிருந்து, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடும் என்று காட்டும் பழைய கண்டக்டிவிட்டி மீட்டரை எடுத்து நீட்டினான். "ஸ்கிராப்ல போடச் சொன்னாங்கோ சாமி. உனக்கு இதுமேல ஒரு கண்ணாச்சேன்னு கேட்டு வாங்கியாந்தேன்."

கண்தான். பூச்சான பாகங்களை அலசும் கழுவு தொட்டித் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டதா என்று இதைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் லேபில் உட்கார டிப்ளமா வேண்டுமாம். நூலகத்தில் நானே படித்த ரசாயனம் கணக்கில் சேராதாம். இப்போது மீட்டரே வீடு தேடி வந்துவிட்டது. என்னிடம் டிப்ளமாவா கேட்டது?

ஏப்ரல் 17

சமையலறையில் ஆராய்ச்சி. ஃபில்டர் தண்ணீருக்கு எண் அசையவே இல்லை என்று சொல்லலாம். ஒரு சிட்டிகை உப்பு போட்டேன், சரசரவென்று ஏறியது. வேறு டம்ளரில் சர்க்கரை. ம்ஹூம். இன்னும் கொஞ்சம். ம்ஹூம்.

உப்பு கரைந்தால் பிளஸ், மைனஸ் என்று பிரிந்து ஆளுக்கொரு பக்கம் ஓடும். அந்த ஓட்டம்தான் தண்ணீரில் மின்சாரம். சர்க்கரை அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்தாலும் அதன் மூலக்கூறு உடையாது, மின்னூட்டமும் கிடையாது. இனிக்கும், அவ்வளவுதான்.

"அப்பா, காபிக்குச் சக்கரை எங்கே?" என்று என் பெண் ஜயஸ்ரீ ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் கத்தினாள்.

பிறகு வெல்லம் போட்டேன். ஏறியது! கரும்புச் சாற்றின் உப்புகள் வெல்லத்தில் மிச்சம் இருக்கின்றன. வெள்ளைச் சர்க்கரையில் அவற்றை நீக்கிவிடுகிறார்கள்.

மாட்டினார் அத்திம்பேர்.

ஏப்ரல் 18

நடந்ததை எழுதி வைக்கிறேன். போன வருஷம் தேரன்று அக்கா வீட்டு வாசல் பந்தலில் அத்திம்பேர் வனமாமலை எல்லோருக்கும் பானகம் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் சொன்னேன்: இது வெல்லம் இல்லை, சர்க்கரையில் கலர். வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படிதான் சொன்னேன். அன்றிலிருந்து அம்ருதவல்லி அக்கா என்னோடு பேசுவதில்லை. அடுத்த தெருவில்தான் வீடு. தீபாவளிக்கு லேகியம்கூட அனுப்பவில்லை.

நான் ஒன்றும் ஏங்கவில்லை. நிரூபித்துவிட்டால் அவளே வந்து பேசுவாள். இந்த வருஷத் தேருக்கு மீட்டரோடு போகிறேன்.

ஏப்ரல் 29

மானம் போச்சு.

பந்தலில் ஒரு டம்ளர் வாங்கி மீட்டர் கம்பியை விட்டேன். வீட்டில் வெல்லத்துக்கு வந்ததைவிட அதிகம் காட்டித்து! கூட்டத்தில் முனிரத்தினம் வேறு. "இன்னா சாமி, மீட்டரு வெல்லம்ங்குது, நீ இன்னாங்குற? இதுல எது ஸ்கிராப்பு?" எல்லாரும் சிரிக்கறா. அத்திம்பேர் மட்டும் சிரிக்கலை. "அதுல கம்பிய விட்டுட்டியே, வேற குடி" என்று இன்னொரு டம்ளரை நீட்டினார். அதுதான் தாங்கலை. குடிக்காம வந்துட்டேன். அக்கா எட்டிக்கூடப் பார்க்கலை.

ஏப்ரல் 30

அடடா! நான் வீட்டில் கரைத்தது ஃபில்டர் தண்ணீரில். அவர்கள் கரைத்தது வீட்டு போர்வெல் தண்ணீரில். அதிலேயே உப்பு இருக்கிறது. எதையும் போடாமலே எண் ஏறும். தண்ணீரை முதலில் அளக்காமல் பானகத்தை அளந்திருக்கிறேன். கழுவு தொட்டியில் வேலை பார்த்தவன் செய்கிற காரியமா இது?

ஆக, நேற்று எதுவும் நிரூபணம் ஆகவில்லை. அந்த போர் தண்ணீர் ஒரு சொம்பு வேண்டும். அக்கா வீட்டுக்குப் போனால்தான் கிடைக்கும்.

மே 1

போனேன். கதவைத் திறந்தவள், "எதுக்கு வந்தே?" என்றாள்.

"போர் தண்ணி வேணும்."

சொம்பில் கொண்டுவந்தாள். மீட்டரை எடுத்ததும் முறைத்தாள். "தாகமாக்கும்னு நெனச்சேன் பாரு."

பானகத்தைவிட எண் குறைவாகத்தான் இருந்தது. அப்படியென்றால் மீதி? "பானகத்துல வேற என்ன போட்டே?"

"சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் உப்பு. அம்மா போடற மாதிரி."

உப்பா! "உப்பு போட்டா மீட்டரால ஒண்ணும் சொல்ல முடியாதே அக்கா!"

"என்னைக் கேட்டா நான் சொல்லியிருப்பேனே. நீ ஊரைன்னா கூட்டினே."

உப்பில்லாமல், ஃபில்டர் தண்ணீரில் ஒரு டம்ளர் கரைத்துக் கொடு, அளந்துவிடுகிறேன் என்றேன்.

"உன் பிடிவாதம் இருக்கே..." என்றாள். பிறகு, "நாளைக்கு வா."

மே 2

போனேன். பானகத்தோடு புளியோதரையும் வைத்திருந்தாள். டம்ளர் காலியான பிறகுதான் மீட்டர் பைக்குள் இருப்பது ஞாபகம் வந்தது.

மே 3

இன்றும் குடித்துவிட்டேன்.

மே 11

குடித்த நாக்கு சொல்கிறது, இந்த வருஷத்தது வெல்லம்தான். போன வருஷத்தது சர்க்கரை, அதில் மாற்றமில்லை. அத்திம்பேரிடமே சொன்னேன். "சரிடா, இன்னும் கொஞ்சம் மோர்க்குழம்பு விட்டுக்கோ" என்கிறார்.

மீட்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடை, அக்கா வீட்டுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. சாப்பிட்டுத் திரும்பும்போது வாங்கலாம் என்று தினமும் நினைக்கிறேன்.