தோள் சொன்னதை எழுதினேன்

சின்னவன் அம்மாவுக்கு,

என் கோணல்மாணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். முதல் முறையாக நானே எழுதுகிறேன். மருமகள் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டட்டும். நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா?

பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எனக்குத் திகைப்பு இன்னும் அடங்கவில்லை. இங்கே நான் வேலை பார்க்கும் சலவை ஆலையில் வேலை முடிந்ததும் நடக்கும் எழுத்து வகுப்பில் டீச்சரம்மா, "தாத்தா, எங்க வலிக்குதோ அதைப் பேச விடுங்க, அது சொல்றதை எழுதுங்க" என்றார்.

"என் தோள் பேசினா லீவுதான்மா கேக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எழுதினேன். படித்துப் பார்த்தால், "ஆஸ்பத்திரிக்கு என்மேல் சாய்ந்து வந்த பிள்ளை இன்னும் இறங்கவில்லை" என்று இருக்கிறது! தூக்கிவாரிப் போட்டது. பறிகொடுத்த மூத்தவளைப் பற்றி இத்தனை வருஷம் நாம் இருவரும் வாய் திறந்ததில்லையே. என் கை எழுதிவிட்டது. அத்தனை பேர் முன்னாலும் தேம்பி அழுதேன். மறுநாள் துணிக்கட்டை மேல்தட்டில் வைக்க, இத்தனை நாள் வலியில் தூக்க முடியாத கை தானாக உயர்ந்தது, நம்புவாயா?

தோளுக்கு இனித் தைலம் அனுப்ப வேண்டாம். அவளைச் சுமந்த உன் இடுப்பு என்ன சொல்கிறது என்று கேட்டு, மருமகளை எழுதச் சொல். இங்கே நான் தங்கியிருக்கும் அறையில் அதைப் படித்துக்கொண்டிருப்பேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் அவள் பெயரை எழுதிப் பழகி அனுப்புகிறேன்.