பாதிரியார் கடித்த நூல்

ரோசிட்சா,

ஊரே கூடி முயன்றும் முடியாததை இன்று காலை நான் ஒருவனாகச் செய்து முடித்தேன். எவ்திமி பாதிரியாரின் வாயை அடைத்தேன். அரை மணி நேரம் ஒரு வார்த்தை வரவில்லை. நம்ப மாட்டாய், தெரியும்.

உன் அம்மா விட்டுப்போன தையல் சாமான்களுக்காக ஞாயிற்றுக்கிழமை போட்ட சண்டையிலிருந்து நீ பேசவில்லையே என்று, அவற்றை நானே பிரித்துப் பார்த்தேன். போர்வைக்கென்று அவர் வெட்டிவைத்த துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டால் பல்கேரியாவுக்கே போர்த்திவிடலாம். பிஸ்கட் டப்பா அத்தனையிலும் பொத்தான். எல்லாவற்றையும் குப்பைக்கு மூட்டை கட்டினேன்.

அப்போது வீட்டில் புனித நீர் தெளிக்கப் பாதிரியார் வந்தார். மூடநம்பிக்கைகளைத் திட்டிய வேகத்தில் அங்கியின் கழுத்துப் பொத்தான் தெறித்து அடுப்புக்குப் பின்னால் விழுந்தது. அதே மாதிரிப் பொத்தான் உன் அம்மாவின் டப்பாவில் இருந்தது. அங்கியைக் கழற்றாமலே தைக்க ஊசியை எடுத்தேன்.

"பொறுப்பா காமென், பல்லுல கடிச்சுக்க ஒரு நூல் குடு. போட்டிருக்கிற துணியத் தைச்சா ஊசி புத்தியையும் சேத்துத் தைச்சிடுமாம், நூலக் கடிச்சுக்கிட்டா ஒண்ணும் ஆகாதாம். நமக்கு எதுக்கு வம்பு?"

கடித்தபடி நின்றார். நான் மெதுவாகத் தைத்தேன். மிக மெதுவாக.

மூட்டையை அவிழ்த்து எல்லாவற்றையும் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டேன். அரிசி அடைத்த குடைமிளகாய் அடுப்பில் இருக்கிறது. நான் சதுரங்கம் ஆடப் பூங்காவுக்குப் போகிறேன்.

காமென்

மறந்துவிட்டேன்: பசித்தால் பிஸ்கட் டப்பாவைத் திறக்காதே.

கிழவா,
வழக்கமான புளுகுன்னுதான் நினைச்சேன். ரொட்டிக் கடையில பாதிரியாரப் பாத்தேன், தாடியில இன்னும் கறுப்பு நூல் தொங்குது. குடைமிளகாய் உனக்கும் வெச்சிருக்கேன். வா, பேசலாம். நடந்தது நெசந்தான்.
ரோசிட்சா