காலுக்குப் பிறகு குறைந்த எடை

அன்புள்ள அக்கா,

இன்று மதியம் தெருவில் யார் வீட்டிலோ மீன் குழம்பு கொதித்தது. ஆணத்தின் வாசனை வந்ததும், "ஆக்கியாச்சாக்கா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டேன். உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் இருவரும் துபாய்க்குத் திரும்பிவிட்டார்கள்.

சர்க்கரை நோயில் உங்கள் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்த பிறகு, கீழ்வேளூர் கிளினிக்குக்கு ஆட்டோவில் நான்தான் உடன் வருவேன். நாற்காலியோடு எடை போட்டு, நாற்காலியின் எடையைக் கழிப்பார்கள். முதல் தடவை, சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்து நர்ஸ், "உங்க உயரத்துக்கு எடை ரொம்பக் கம்மிம்மா" என்றாள்.

"வெட்டுன காலையும் சேத்துப் போட்டுப் பாரு தங்கச்சி" என்றீர்கள்.

உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அம்மா சொல்றது சரிதான். ரெண்டு காலும் இருக்கறவங்களுக்குப் போட்ட கணக்கு இது" என்றவள், இல்லாத காலுக்கு உரியதைக் கூட்டிப் பார்த்து, எடை சரியாகவே இருப்பதாகச் சொன்னாள். அந்தக் கதையைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள்.

குறுவை அறுப்பு முடிந்து மறுபடி போனோம். எடை இன்னும் இறங்கியிருந்தது. நர்ஸ் அலட்டிக்கொள்ளவில்லை. "கால் இல்லைல்ல, அட்டவணையில அப்படித்தான் காட்டும்." நீங்களும் வேகமாகத் தலையாட்டினீர்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

உணவு ஆலோசனைப் பெண்தான் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தாள். "கால் போன தடவையே இல்லையேம்மா. அப்புறம் குறைஞ்சது என்ன?" நாடாவை உங்கள் மேல்கையில் சுற்றினாள். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. "வீட்ல என்ன சாப்பிடுறீங்க?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "டீயும் பன்னும்தான். ஒருத்திக்காக எதுக்கு அடுப்பப் பத்த வைக்கணும்?"

தினமும் சுவருக்கு அப்பாலிருந்து, "இன்னிக்கு எறா ஆணம்டி" என்று சொன்னவர் நீங்கள்தானே அக்கா!

மறுநாள் மதியம் சோற்றுக் குண்டானோடு வந்து நின்றேன்.

"என்னடி இது?"

"எனக்கும் ஒருத்திக்கு ஆக்கப் பிடிக்கலைக்கா."

அது உண்மை. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து நானும் நின்றபடியே எதையாவது விழுங்கிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து சோறு என்னுடையது, ஆணம் உங்களுடையது. ஸ்டூலில் உட்கார்ந்து கிளறுவீர்கள். உப்புக்குச் சண்டை போடுவோம். எடை மெல்ல ஏறியது. "இனி இந்த ஆட்டோ தாங்காதுடி" என்று பெருமை வேறு.

மறு வருஷம் ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். நெஞ்சடைப்பு என்றார்கள்.

போன வாரம் பிரஷருக்காக நான் தனியாக அங்கே போனேன். என் எடை அட்டவணைக்குள் கச்சிதமாக இருந்தது. நர்ஸ் பாராட்டினாள். உணவு ஆலோசனைப் பெண்தான் நிமிர்ந்து பார்த்தாள். "முன்ன நல்லா கனமா இருந்தீங்களே. இப்ப மதியம் யாரோட சாப்பிடுறீங்க?"

உறவுக்காரப் பெண்ணோடு என்று சொல்ல வாயெடுத்தேன். உங்கள் குனிந்த முகம் நினைவுக்கு வர, "யாரும் இல்லம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

இன்று அடுப்பைப் பற்ற வைத்தேன். ஒரு ஆள் சோறுதான். உட்கார்ந்து, தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன் அக்கா.

உங்கள்,
வசந்தி