கைநீர்ப் படையின் வரலாறு

குடிபாலா
14-10-2025

அன்பு மகள் சிவசங்கரிக்கு நைனா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அந்த ஊர் மழையிலும் குளிரிலும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க கங்கம்மா தாய் பார்த்துக்கொள்ள வேண்டும். வாராவாரம் போனில் பேசுகிற மனிதன் இப்போது எதற்குக் காகிதம் எழுதுகிறான் என்று உனக்குத் தோன்றும். தம்பி யஸ்வந்த் ஏன் போன் எடுப்பதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம் ஸ்ரீசிட்டி கம்பெனியில் ஷிப்ட் மாற்றம், தூங்குகிறான் என்று சொல்லி வந்தேன். அது பாதிதான் உண்மை, மீதியை உன் முகம் தெரிகிற போனில் சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வருகிற வேலூர்ப் பெண் வியாழக்கிழமை புறப்படுகிறாள், அவள் கையில் எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் கால் எரிச்சல் போகவில்லை. மழை நன்றாகப் பெய்து ஏரி முக்கால்வாசி நிரம்பிவிட்டது, நம் ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை பிடுங்கியாயிற்று.

யஸ்வந்த் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்த பொம்மைப் படையைப் பற்றி உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சித்தூரில் செல்போன் ரிப்பேர் கடையில் வாரம் முழுதும் குனிந்து உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருப்பதிக்குப் பஸ் ஏறிவிடுவான், அங்கே ஏழெட்டுப் பேர் பெரிய மேஜையில் மலையும் இடிபாடும் கட்டி வைத்து, டேப் பிடித்து அளந்து, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுவார்கள். பல ஆயிரம் வருடம் கழித்து நட்சத்திரங்களில் நடக்கிற சண்டையாம். மற்றவர்கள் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைக்கிற பொம்மைகளை இவன் நான் வேலை செய்கிற மாங்கூழ் பேக்டரிக் குப்பையிலும் வீட்டுக் குப்பையிலும் இருந்து செய்தான், டிரம் மூடி, ஊசி உறை, பேனா ரீபிள், எம்சீல், அவ்வளவுதான், நூற்று நாற்பது வீரர்கள். முதலில் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், இருபத்தாறு வயது ஆண்பிள்ளை குப்பை பொறுக்கிப் பொம்மை செய்கிறானே என்று. பிறகு ஆகஸ்டு மாதம் திருப்பதியில் பெரிய போட்டி வைக்கப்போவதாகவும், சொந்தமாகப் படை செய்து வருகிறவர்கள் அதற்கு ஒரு வரலாறு எழுதித் தரவேண்டும், எந்த நட்சத்திரம், யார் எதிரி, எதற்காகச் சண்டை, எல்லாம் இருந்தால்தான் சேர்ப்பார்கள் என்றும் சொன்னான். இவனுக்கு ஒன்றும் வரவில்லை. பத்து நாள் எழுதி எழுதிக் கிழித்தான். அப்போதுதான் நீ போனில் அவனுக்கு யோசனை சொன்னாய், தாத்தா சாகிறவரை ஏன் தோப்பு வீட்டுப் பக்கம் போகவேயில்லை என்று நைனாவைக் கேள், அதில் உனக்கு வரலாறு கிடைக்கும் என்று. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம் சங்கரி. இதை உன்மேல் பழி போட எழுதவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் கொஞ்சம் பழி போடத்தான் செய்கிறேன்.

அவன் கேட்டான், நான் சொன்னேன். உன் அம்மாவிடம்கூட அதுவரை சொன்னதில்லை. எனக்கு ஒன்பது வயது, கோடைக்காலம், என் அப்பா சின்னக்கண்ணு தோப்பு வீட்டு நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் பம்புசெட் குழாயிலிருந்து மாட்டுத் தொட்டியில் விழுகிற தண்ணீரில் வாயை வைத்துக் குடித்துவிட்டார். தோப்பு வீட்டுக்காரர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. மாட்டுத் தொட்டியைக் காட்டி, "நீ வாய் வெச்ச தண்ணிய என் மாடு குடிக்காது, எல்லாத்தையும் எறச்சிக் கொட்டிட்டு வாய்க்கால்லருந்து கையால ரொப்பு" என்று சொன்னார். வாளி தரவில்லை. வாய்க்காலுக்கும் தொட்டிக்கும் இருபதடி இருக்கும். அப்பா இரண்டு கையையும் குவித்து அள்ளி அள்ளி ஓடினார். தொட்டியில் ஒரு விரிசல், பாதிக்கு மேல் ஏறவே ஏறாது, அது தோப்பு வீட்டுக்காரருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். மாமரத்தடியில் கட்டில் போட்டு வேர்க்கடலை உரித்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தவர், பொழுது இறங்கினதும் போதும் போ என்றார். நான் வரப்பில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன்.

யஸ்வந்த் எழுந்து போய்விட்டான். மறுநாள் வேலைக்குப் போகாமல் எல்லாப் பொம்மைக்கும் வலது கையைப் பிய்த்துவிட்டு டிரம் மூடியை வளைத்துப் பெரிய இரும்புக் கை வைத்தான். செம்பாழ் என்று ஒரு நட்சத்திரம், அங்கே தண்ணீரை வைத்திருக்கிற பிரபுக்கள் தோப்பர்கள், அவர்களின் தொட்டிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் நிரப்பினவர்களுக்குக் கை இரும்பாகிவிட்டது, ஒருநாள் அந்தக் கையாலேயே தொட்டிகளை உடைத்துக்கொண்டு புறப்பட்டார்கள், அவர்கள்தான் கைநீர்ப் படை. எனக்குப் படித்துக் காட்டினபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்கப்புறம் நானும் அவனோடு உட்கார ஆரம்பித்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்புவாயா? பேக்டரியில் எடை மேடையில் ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் சும்மா இருக்கும் நேரத்தில் அதே யோசனைதான். படையில் கடைசி ஆள் குடிக்கிறவரை தளபதி குடிக்கக் கூடாது என்கிற சட்டம் நான் போட்டது. தளபதிக்குச் செல்லி என்று உன் அம்மா பெயரை வைத்தோம், எனக்கு இன்னாத்துக்குத் துப்பாக்கி, ஒரு கரண்டி குடுங்க போதும் என்று செல்லியம்மா சிரித்தாள், யஸ்வந்த் பேப்பர் கிளிப்பை வளைத்து நிஜமாகவே ஒரு கரண்டி செய்து வைத்தான். நம் வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சிரித்த மாதம் அது ஒன்றுதான்.

தோப்பர்கள் என்கிற பெயரை மாற்றச் சொன்னேன். ஏனென்றால் அந்தப் போட்டியை நடத்துகிற உமாபதி தோப்பு வீட்டுப் பேரன், திருப்பதியில் கோச்சிங் சென்டர் வைத்திருக்கிறான், உன்னைவிட இரண்டு வயது சின்னவன். அவன் பெரியப்பாதான் எங்கள் பேக்டரியில் மேனேஜர். யஸ்வந்த், அவரு அப்டிலாம் பாக்கறவரு இல்ல நைனா, நல்லா பழகுவாரு என்றான். நான் இரண்டாம் முறை சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும் என்று எனக்குள்ளும் ஓர் ஆசை இருந்தது.

போட்டி அன்று நானும் லீவு போட்டுவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வீரர்கள் இருந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவனோடு போனேன். ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம், சென்னை பெங்களூரில் இருந்தெல்லாம் முப்பது நாற்பது பேர். உமாபதி மைக் பிடித்து இந்த வருடம் வந்ததிலேயே சிறந்த வரலாறு இதுதான் என்று புகழ்ந்து யஸ்வந்தைப் படிக்கச் சொன்னான். தெலுங்கிலும் இங்கிலீஷிலும் கலந்து படித்தான், எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். கைதட்டல் ஓய்ந்ததும் உமாபதி ஆளை விட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி கொண்டுவரச் சொல்லிக் கூடத்து நடுவில் வைத்தான், கை கழுவுகிற குழாய் கோடியில் இருந்தது. இந்தப் படைக்கு ஒரு சடங்கு இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் ஆட வேண்டும், நிரப்பிக் காட்டு என்றான். எல்லோரும் சிரித்தார்கள், போன்களை எடுத்தார்கள். யஸ்வந்தும் சிரித்தபடிதான் போனான். நாலைந்து தடவை அள்ளிவந்து ஊற்றிவிட்டுப் போதுமா சார் என்று கேட்டான். உமாபதி சிரிப்பை நிறுத்தாமலே, "நீதான எழுதிக்கிற, பொழுது எறங்கற வரைக்கும்னு. சரி, வாளி ரொம்பற வரைக்கும் செய்யி" என்றான். அப்போதுதான் பிள்ளைக்குப் புரிந்தது. கை ஈரத்தோடு அப்படியே நின்று, திரும்பி என்னைப் பார்த்தான். உமாபதியும் என்னைப் பார்த்தான். என் அருகே வந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி, "முனிசாமி, உன் பையனுக்கு நீ சொல்லு" என்றான்.

நான் எழுந்து நின்றேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னால் நீ மன்னித்துவிடுவாய், ஆனால் அப்போது வேலை நினைவே இல்லை சங்கரி, வாய் தானாகத் திறந்தது.

"ரொப்புடா யஸ்வந்த். சாரு சொல்றாருல்ல."

அவன் நிரப்பினான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முதல் பத்து நிமிடம் பார்த்தவர்கள் பிறகு போனை உள்ளே வைத்துவிட்டு அவரவர் மேஜைக்குப் போய் ஆட ஆரம்பித்துவிட்டார்கள், உமாபதியும் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டை உருட்டினான், கடைசியில் யஸ்வந்தை யாருமே பார்க்கவில்லை, நான் ஒருவன்தான். அவன் குழாய்க்கும் வாளிக்கும் நடந்துகொண்டே இருந்தான். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா, வாளியில் விரிசல் இல்லை, சீக்கிரம் ரொம்பிவிடும் என்று. தண்ணீர் விளிம்புக்கு வந்ததும் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "நான் அவன் பேச்சக் கேக்கல நைனா, ஒம் பேச்சத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். படை மேஜையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகாவது நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. உமாபதி தன் கையாலேயே தட்டு கொண்டுவந்து துன்னுட்டுப் போ முனிசாமி என்றான், நான் சாப்பிட்டேன், ஜாங்கிரியையும் மிச்சம் வைக்கவில்லை. நான் வீரர்களைப் பெட்டியில் அடுக்கும்போது அவன் கரண்டி பிடித்த தளபதியை எடுத்துப் பார்த்து, இதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். எடுத்துக்கங்க சார் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா பெட்டியைத் துழாவிச் செல்லி எங்கே என்று கேட்டாள், பஸ்ஸில் விழுந்திருக்கும் என்று பொய் சொன்னேன். மூன்றாம் நாள் யாரோ அனுப்பிய வீடியோ அவள் போனுக்கு வந்துவிட்டது, அதில் என் குரலும் இருந்தது. எட்டு நாள் சோறு போட்டாள், பேசவில்லை. ஒன்பதாம் நாள் அவள் கேட்டது ஒன்றுதான், உங்க நைனா தொட்டி ரொப்பனப்ப நீங்க இன்னா செஞ்சீங்க என்று. உட்கார்ந்து பார்த்தேன் என்றேன். அப்போ நீங்க கொழந்த, இப்போ இன்னா என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

யஸ்வந்த் அன்று நண்பன் ரூமுக்குப் போனவன் அப்படியே ஸ்ரீசிட்டி கம்பெனி வேலையில் சேர்ந்துவிட்டான். அம்மாவோடு மட்டும் பேசுகிறான். உன்னோடு ஏன் பேசுவதில்லை என்றால், உனக்கு இது தெரிந்துவிடும், நீ நைனாவைக் கேட்பாய், நைனாவுக்கு அவமானம் என்று நினைக்கிறானாம், அம்மாதான் சொன்னாள். எனக்கு அதைக் கேட்டதும்தான் அதிகம் வலித்தது. போன மாதம் பெட்டியை எடுத்துக்கொண்டு அவன் ஹாஸ்டலுக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தான், அம்மா கால் எரிச்சலுக்கு மாத்திரை தீர்ந்ததா என்று கேட்டான், பெட்டியை வாங்கிக்கொண்டான், பஸ் ஏற்றிவிட்டான். நான் மன்னிப்புக் கேட்க நினைத்துப் போய், ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனுக்குப் பத்துப் பக்கம் அனுப்பியிருக்கிறான். சென்னையில் வேறு ஆட்களோடு ஆடப் போகிறானாம், படைக்கு வரலாற்றைப் புதிதாக, முழுதும் தமிழிலேயே எழுதியிருக்கிறான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே படித்தேன். செம்பாழ் இருக்கிறது, தோப்பர்கள் இருக்கிறார்கள், பெயரை மாற்றவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் புதிதாக ஓர் ஆள் வருகிறான். அதை எழுத்து மாறாமல் உனக்கு எழுதுகிறேன்.

"தோப்பர்களின் தொட்டியருகே ஒரு கிழவன் நிற்பான். பெயர் முனிசாமி. அவன் தோப்பர் குலமல்ல, செம்பாழில் பிறந்தவன். அவனிடம் ஆயுதம் கிடையாது. நிரப்புகிறவன் கை ஓய்ந்தால் ரொப்புடா என்று சொல்வது மட்டுமே அவன் வேலை. எதிரிப் படையில் எத்தனை பீரங்கி இருந்தாலும் கைநீர்ப் படை அஞ்சாது, இவன் குரலுக்கு மட்டும் நின்றுவிடும். இவனைச் சுட யாருக்கும் உத்தரவு இல்லை. ஏனென்றால் இவன் தகப்பன்."

பக்கத்தில் அந்தப் பொம்மையின் படமும் இருந்தது. ஊசி உறையில் செய்து வெள்ளைச் சட்டை வண்ணம் பூசியிருக்கிறான், நன்றாகத்தான் செய்திருக்கிறான்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, நான் சங்கரிகிட்ட சொல்லி இத எடுக்கச் சொல்றேன், ஊர்ப் பசங்க படிச்சா இன்னா ஆவறது என்று அழுதாள். அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். அவள் சொன்னாலும் நீ அவனிடம் அதை எடு என்று சொல்லாதே. பெயரையும் மாற்றச் சொல்லாதே. நான் மூன்று முறை படித்துப் பார்த்தேன், கற்பனை என்று அடித்துப்போட அதில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நூறு வயது நிறைவாக இருக்க வேண்டும், பிள்ளைக்கு வீட்டில் தமிழ் பேசுங்கள். ராத்திரி டூட்டி முடித்துக் கார் ஓட்டாதே. யஸ்வந்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, உங்கள் ஊர் நேரம் காலையில் கூப்பிட்டால் எடுப்பான், மறக்காமல் கூப்பிடு, என்னைப் பற்றிப் பேச்சை எடுக்காதே. இதைப் படித்தபிறகு வழக்கம்போல என்னோடு பேச முடிந்தால் பேசு, முடியாவிட்டால் அம்மாவோடு மட்டும் பேசு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நைனா
சி. முனிசாமி